ஓடக் கூடாத கடிகாரம்

நின்றுபோன கடிகாரத்தை யாரோ ஓட வைத்துவிட்டார்கள் என்று போலீஸில் புகார் கொடுத்த ஊர், பூமியில் டாப்சன் ஒன்றாகத்தான் இருக்கும்.

புகாரை எழுதிக்கொண்ட ஷெரீஃப் டுவேன் ஹாக்ஸ்டன், 'குற்றத்தின் தன்மை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தவித்தார். 'மராமத்து' என்று எழுதினார். அடித்தார். 'அத்துமீறி மராமத்து' என்று எழுதினார். அதையும் அடித்துவிட்டு மர்லீன் கூசெராவுக்குப் போன் செய்தார்.

பிரூவெட் மாவட்டத்தையும் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களையும் சேர்த்தால், அந்தப் பக்கத்து நெப்ராஸ்காவுக்கு மர்லீன் ஒருத்திதான் துப்பறிவாளர். ஐம்பத்திரண்டு வயது. ஆறடிக்கு ஒரு விரற்கடை கம்மி. காணாமல் போன கன்றுக்குட்டி, ஆலங்கட்டி மழையில் நசுங்கியதாகச் சொல்லி இன்ஷூரன்ஸ் கேட்கும் கார், இதெல்லாம்தான் அவளுக்கு வழக்கமாக வரும் கேஸ்கள். உதவியாளன் ராய்ஸ் டிட்மர் முன்பு மாட்டு ஏலத்தில் கூவிக்கொண்டிருந்தவன். மாடுகளைப் பற்றி உண்மையைக் கூவிக் கூவியே வேலையை இழந்தவன்.

ஒன்பதே முக்காலுக்கு இரண்டு பேரும் கோர்ட் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ராய்ஸ் காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தான். கோபுரத்தில் கடிகாரம் சொகுசாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து முப்பது.

"ஓடறதுதான் ஓடுது, சரியான நேரத்தையாவது காட்டக் கூடாதா?" என்றான்.

"நூறு வருஷத்துக்கு மேல தூங்கிட்டு இப்பத்தான் எழுந்திருக்கு. நீ எழுந்த உடனே எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாதா? வா."

விஷயம் இதுதான். 1913 மே ஒன்பதாம் தேதி டாப்சனை ஒரு சூறாவளி தாக்கியது. அது கோபுரத்துக்குள் புகுந்து கடிகாரத்தை நாலு நாற்பத்திரண்டில் நிறுத்தியது. அதிலிருந்து நாலு நாற்பத்திரண்டுதான் டாப்சனின் நேரம். ஓட்டலுக்குப் பெயர் நாலு நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடத்துக் கால்பந்துக் குழுவுக்குப் பெயர் நாலு நாற்பத்திரண்டு. போன வருஷம் ஒரு மேட்சில் அந்த ஸ்கோரிலேயே தோற்றும் காட்டியது. இன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு மாநில நினைவுச்சின்ன அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். சூறாவளி நிறுத்திய கடிகாரத்தைச் சோதித்துப் பார்த்து, பட்டியலில் சேர்த்தால், ஒழுகுகிற கோர்ட் கூரைக்கு விடிவு காலம். அந்தக் கடிகாரம்தான் இப்போது ஓடுகிறது.

ஷெரீஃப் அறையில் அவரும் மிஸ் வெர்னா ஹோலன்பெக்கும் இருந்தார்கள். மிஸ் ஹோலன்பெக்குக்கு எழுபத்து நாலு வயது. நாற்பது வருஷமாக மாவட்ட கிளார்க். சரித்திரச் சங்கத்தின் தலைவி, செயலாளர், பல நாட்களில் ஒரே உறுப்பினர். காது இரண்டையும் மூடிக்கொண்டு சுருள் சுருளாக ஏற்றிக் கட்டிய வெள்ளைத் தலைமுடி. அதை யாரும் கலைந்து பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் மேஜைமேல் ஒரு பெரிய தகரக் கேக் டப்பா.

ராய்ஸின் கை தானாக டப்பாவை நோக்கிப் போனது. சுளீர் என்று ஓர் அடி விழுந்தது.

"அது அதிகாரிக்கு!" என்றாள் மிஸ் ஹோலன்பெக்.

"மூடியைத் தொட்டுப் பாத்தேங்க, அவ்வளவுதான்."

"மூடியையும் சேத்துத்தான் சொல்றேன்."

ஷெரீஃபுக்குத் துடைப்பத்தை வெட்டி ஒட்டினாற்போல மீசை. வாய் இருக்கிற இடமே தெரியாது. கவலையாக இருந்தால் அது இன்னும் கீழே இறங்கும். "அதிகாரி வர இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு" என்றார் மீசைக்குள்ளிருந்து.

"எனக்குக் காபி வேணாம் டுவேன்" என்றாள் மிஸ் ஹோலன்பெக்.

மர்லீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"காலைல ஒன்பது மணிக்குக் கோபுரத்து மணி அடிச்சுது. நான் மாடில என் அறைலதான் இருந்தேன். எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒன்பது அடி, கணீர் கணீர்னு. கீழ இறங்கி வந்து பாத்தா மொத்த ஊரும் தெருவுல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்கு. மர்லீன், யாரு பண்ணினாங்கன்றது எனக்கு முக்கியமே இல்ல. ஒருத்தரை மேல அனுப்பி அதை நாலு நாற்பத்திரண்டுல நிறுத்தச் சொல்லு. அது போதும்."

"மறுபடி நிறுத்தினா அதிகாரிகிட்டப் பொய் சொன்ன மாதிரி ஆகாதா?"

மிஸ் ஹோலன்பெக் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கோபுரத்துக்குத் தொண்ணூற்றாறு படி. வழிகாட்டியாக வந்தவர் ஆர்வின் ஷ்ரேடர், கட்டடத்தின் காவலாளி. கோபுரக் கதவின் சாவி எங்கே இருக்கும் என்று மர்லீன் கேட்டாள். கதவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்கியது. மேலே அட்டை: 'கடிகாரச் சாவி. யாரும் எடுக்கக் கூடாது.'

"பலமான பாதுகாப்புதான்" என்றான் ராய்ஸ்.

"முப்பது வருஷமா யாரும் எடுத்ததில்ல தம்பி. அட்டை வெச்சிருக்கோம்ல" என்றார் ஆர்வின்.

உள்ளே அலமாரி மாதிரி ஒரு மரக்கூண்டு. அதற்குள் ஆள் உயரச் சக்கரங்கள், எண்ணெயில் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. கீழே, கூண்டுக்கு ஏறுகிற ஏணியை ஒட்டினாற்போல, கதவு அகலத்துக்கு ஒரு பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. ராய்ஸ் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அதைத் தாண்டினான்.

"நின்னுபோன கடிகாரத்துக்கு எதுக்கு இவ்வளவு எண்ணெய்?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் போடணும்னு 1890-ல ஒரு உத்தரவு. அதை யாரும் ரத்து பண்ணலையே. எங்க அப்பா போட்டார், நான் போடறேன்."

மர்லீன் கூண்டின் கதவைத் திறந்து டார்ச் அடித்தாள். பெரிய சக்கரத்துக்கும் சின்னச் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த சட்டத்தில் கறுப்பு மசகு அப்பியிருந்தது. அதில் ஒரே ஓர் இடம் மட்டும் சுத்தமாக, கட்டையும் பிடியுமாக ஓர் உருவம் பதிந்து கிடந்தது.

"இங்க என்ன இருந்துச்சு ஆர்வின்?"

அவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இரும்பு ஒண்ணு இருந்துச்சே! பிடி வெச்ச இரும்பு. கடிகாரத்தோட பாகம்னுதான் நெனச்சேன். வாராவாரம் அதுக்கும் ரெண்டு சொட்டு விட்டேன்."

"அதாவது," என்றான் ராய்ஸ், "கடிகாரத்தை நிறுத்தி வெச்சிருந்ததே அதுதான். நீங்க அதுக்கும் எண்ணெய் போட்டுப் பாத்துக்கிட்டீங்க."

"உத்தரவுல விதிவிலக்கு எதுவும் இல்லையே."

மர்லீன் நிமிர்ந்தாள். "யாரும் இதை ரிப்பேர் பண்ணல ராய்ஸ். உள்ளேயிருந்து எதையோ எடுத்திருக்காங்க. அடைப்பு போச்சு. இறங்கும்போது பெண்டுலத்துல இடிச்சிருக்காங்க, அது ஆட ஆரம்பிச்சிடுச்சு. மணியும் அடிச்சிடுச்சு. ஓட வைக்கணும்ங்கற எண்ணமே அந்த ஆளுக்கு இல்ல."

ராய்ஸ் தலைக்குமேல் பார்த்தான். எருமைக் கிடா அளவுக்கு ஒரு வெண்கல மணி. "இதுக்குக் கீழயா நின்னான்? எத்தனை தடவை அடிச்சுது ஆர்வின்?"

"பதினேழு! நான் வெளில புல் வெட்டிக்கிட்டிருந்தேன். மெஷின் சத்தத்தையும் மீறி பதினேழு எண்ணினேன். இத்தனை வருஷம் அடிக்காததை எல்லாம் ஒரே மூச்சுல அடிச்சு முடிச்ச மாதிரி. இங்க நாப்பது, அம்பது புறா இருந்துச்சு. முதல் அடியிலேயே அத்தனையும் கோபுரத்தை விட்டுப் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இறகு மழையாக் கொட்டுச்சு, போங்க!"

தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. மூலையில் ஒரு குவியல்: தூசு, புறா எச்சம், வெள்ளை வெள்ளையாகப் புது இறகுகள். மர்லீன் குனிந்து ஓர் இறகை எடுத்தாள். "நீங்க பெருக்கினீங்களா?"

"நானா? என் வேலை எண்ணெய். பெருக்கறது வேற ஆளோட வேலை. அவர் 1974-லயே செத்துட்டார்."

மர்லீன் இறகைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் ராய்ஸுக்கு அதற்குள் மூளையில் விளக்கு எரிந்துவிட்டது.

"மேடம்! இந்த மணிக்கு அடியில நின்னு பதினேழு அடி வாங்கினவன் காது என்ன ஆகும்? அவுட்! இன்னைக்கி இந்த ஊர்ல யாருக்குத் திடீர்னு காது கேக்கலையோ, அவன்தான் நம்ம ஆள்!"

மர்லீன் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா என்று ராய்ஸுக்குக் கடைசிவரை தெரியவில்லை. "நல்ல யோசனை. போய்த் தேடு. பதினோரு மணிக்கு ஷெரீஃப் அறைக்கு வந்துடு."

யோசனை நல்லதுதான். ஊர்தான் சரியில்லை.

ராய்ஸின் முறை சுலபமானது. ஆள் பின்னால் போய் நின்று, "சினமன் ரோல் இலவசம்" என்று முணுமுணுப்பான். திரும்பினால் காது நன்றாக இருக்கிறது. திரும்பாவிட்டால் சந்தேக நபர். நாலு நாற்பத்திரண்டு ஓட்டலில் ஒன்பது பேர் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியான சினமன் ரோலை, அந்தப் பக்கத்து வழக்கப்படி, மிளகாய்ச் சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். முணுமுணுத்தான். எட்டு பேர் திரும்பவில்லை. ஒன்பதாவது ஆள் திரும்பி, "எங்க?" என்றார்.

விசாரித்ததில், எட்டு பேருக்கும் பல வருஷமாகவே காது மந்தம். ஐந்து பேருக்கு டிராக்டர் சத்தத்தில் காது போனது. இரண்டு பேருக்கு வாத்து வேட்டைத் துப்பாக்கியால். மீதி ஒருத்தர் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர்; அவருக்குக் காது கேட்காது என்பதை ஞாயிறு தோறும் ஊரே கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

மளிகைக் கடையிலும் அதே கதை. கடைக்காரர் கேட்கிற சாமானுக்குப் பதிலாக வேறு சாமான் கொடுத்துப் பதினைந்து வருஷமாக வியாபாரம் செய்கிறார். அவர் மனைவிக்குக் காது கேட்கும், ஆனால் கேட்டுக்கொள்ள மாட்டாள். தீவனக் கடைக்குள் ராய்ஸ் தலையை நீட்டி ஒரு முணுமுணுப்பு முணுமுணுத்தான். ஒரு நாய் மட்டும் எழுந்து வாலாட்டியது. பதினோரு மணிக்குள் அவன் கையில் முப்பத்தொரு சந்தேக நபர்கள். முப்பத்தொரு பேரும் சந்தோஷமாக, "என்னப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கடைசியாக முடிவெட்டுகிற லெஸ்டர் ப்ரோக்கின் கடை. அங்கேதான் ராய்ஸுக்கு ரத்தம் சூடேறியது. லெஸ்டரின் காது பிரசித்தமானது. போன வாரம் ராய்ஸ் மனதுக்குள் நினைத்ததைக்கூடக் கேட்டுவிட்டு அதற்கும் ஒரு பதில் சொன்னவர். இன்றைக்கு?

"லெஸ்டர்."

கத்திரிக்கோல் சத்தம்தான் வந்தது.

"லெஸ்டர், கடை பத்தி எரியுது."

அவர் ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டே சீப்பைத் துடைத்தார்.

ராய்ஸ் அவர் தோளைப் பிடித்தான். "மாட்டிக்கிட்டீங்களா! நடங்க ஷெரீஃப்கிட்ட!"

"என்ன? சத்தமாச் சொல்லு!"

"நடங்கன்னு சொன்னேன்!"

பாதி முடி வெட்டிய ஒரு விவசாயி வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்தார். மீதித் தலை என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு.

ஷெரீஃப் அறையில் மர்லீன் காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஆர்வின் ஓரமாக நின்றார். மிஸ் ஹோலன்பெக் ஜன்னல் பக்கம் திரும்பி, அதிகாரியின் கார் வருகிறதா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவர்தான் மேடம்!" ராய்ஸ் லெஸ்டரை முன்னால் தள்ளினான். "போன வாரம் வரைக்கும் பாம்புச் செவி. இன்னைக்கி இடி விழுந்தாலும் கேக்கல!"

லெஸ்டர் சுற்றிலும் பார்த்தார். ஏதோ பெரிய விவகாரம் என்று புரிந்ததும், இரண்டு காதிலிருந்தும் கட்டை விரல் அளவு பஞ்சைப் பிடுங்கி எடுத்தார். "என்னய்யா ஆச்சு? என் மச்சினி ஒமாஹாவிலேருந்து வந்திருக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பா. அதுவரைக்கும் பஞ்சு இருக்கும். இதுல என்ன குத்தம்?"

ஷெரீஃப் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். "அந்த அம்மாவை எனக்குத் தெரியும். நியாயம்தான்."

ராய்ஸுக்குக் காது மடல் சிவந்தது. மாட்டு ஏலத்திலிருந்து அவனைத் துரத்திய நாளில்கூட இவ்வளவு கூசவில்லை.

"தப்பு ஒண்ணும் இல்ல ராய்ஸ்" என்றாள் மர்லீன். "காதுன்னு நீ சொன்னது சரி. திசைதான் மாறிப்போச்சு. லெஸ்டர், பஞ்சோடயே மணிச் சத்தம் கேட்டுச்சா?"

"கேக்காம? பதினேழு. பதினொண்ணாவதுல ஒருத்தர் மீசைல பாதியை எடுத்துட்டேன்."

"ஷெரீஃப், நீங்க?"

"பதினேழு. பன்னெண்டாவது அடில மேஜைக்கு அடியில போனவன், பதினேழுக்கு அப்புறம்தான் வந்தேன். உடனே கோபுரத்துக்கு ஓடினேன், அங்க ஒருத்தரும் இல்ல."

"ஆர்வினும் பதினேழு. ஓட்டல்ல காது மந்தமான அத்தனை பேருக்கும்கூட அது கேட்டிருக்கு. போன் பண்ணிக் கேட்டேன். இந்த ஊர்ல ஒரே ஒருத்தர்தான் ஒன்பதுன்னு சொன்னாங்க. மணி ஒன்பதுக்கு அடிச்சுதுன்னு யாரோ சொன்னதைப் பாத்து, ஒன்பது அடின்னு கணக்குப் போட்டுக்கிட்டாங்க."

மர்லீன் சட்டைப்பையிலிருந்து இறகை எடுத்தாள். "முதல் அடியிலதான் புறாக்கள் பறந்துச்சு. அப்ப கொட்டின இறகு பெருக்கின குவியலுக்குள்ள இருக்கு. ஷெரீஃப் ஓடி வர்றதுக்கு முன்னாடியே ஆள் பெருக்கி முடிச்சாச்சு. அப்ப எப்பப் பெருக்கியிருக்கணும்? தலைக்கு மேல அந்த மணி அடிச்சுக்கிட்டிருக்கும்போது! காது கேக்கற எவனாவது நிதானமா நின்னு மூலை வரைக்கும் பெருக்குவானா? ரெண்டாவது அடியிலேயே தொண்ணூத்தாறு படியையும் ஒரே தாவா தாவியிருப்பான். அந்த மணி யாரையும் செவிடாக்கல ராய்ஸ். மணியடிச்சதே தெரியாத ஒருத்தர் அங்க இருந்தாங்க."

மர்லீன் ஜன்னலைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மிஸ் ஹோலன்பெக், உங்க தலைமுடில தீப்பிடிச்சிருக்கு."

மிஸ் ஹோலன்பெக் தெருவைப் பார்த்துக்கொண்டே கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள்.

"ஐயோ" என்றார் ஷெரீஃப்.

"எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. உங்ககிட்ட மட்டும் முடியாது ஷெரீஃப், உங்களுக்கு உதடே இல்ல. ராய்ஸ், அந்தக் கேக்கைக் கொண்டா."

ராய்ஸ் டப்பாவைத் தூக்கினான். தூக்க வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கியபோது முதுகில் ஏதோ சொடுக்கென்றது. "மேடம், இதைச் சாப்பிட்டா அதிகாரி திரும்பிப் போக கிரேன் வேணும்."

மூடியைத் திறந்தார்கள். பூவேலை செய்த காகித விரிப்பின்மேல் எண்ணெய் மின்ன உட்கார்ந்திருந்தது ஒரு வார்ப்பிரும்பு அழுத்துப் பொறி. காகிதத்தில் முத்திரை பதிக்கிற பழைய சாதனம். அதன் தட்டில் எழுத்து: 'பிரூவெட் மாவட்டம். தலைநகர்: கில்பி.'

மூடித் தகரம் ஜன்னல் கண்ணாடியில் பளிச்சிட்டதும் மிஸ் ஹோலன்பெக் திரும்பினாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"எங்க கொள்ளுத்தாத்தாதான் அப்ப ஜட்ஜ்" என்றாள். "1889-ல கில்பி ஆளுங்க மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து, நம்ம ஊர்க்காரங்க பதினோரு வண்டி கொண்டுபோய் ஆவணம் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்து, இதுதான் இனிமே தலைநகர்னு சொல்லிட்டாங்க. அதைக் கல்லுலயே வெட்டி வெச்சிருக்கோம், எல்லாருக்கும் தெரியும். முத்திரையை மட்டும் எடுக்கலன்னு சத்தியம் பண்ணினாங்க. 1913-ல மேல் கோர்ட்டு, முத்திரை எந்த ஊர்ல இருக்கோ அதுதான் தலைநகர்னு சொல்லி, தேட ஆள் அனுப்பிச்சுது. டாப்சன்ல கிடைச்சா அது திருட்டு, திருப்பிக் குடுக்கணும். கொள்ளுத்தாத்தா பதறிப்போய் இதை எடுத்துக்கிட்டு மேல ஓடி, கடிகாரத்துக்குள்ள செருகிட்டார். கடிகாரம் நின்னு போச்சு. நாலு நாற்பத்திரண்டு."

"அப்ப சூறாவளி?" ஷெரீஃபின் மீசை நடுங்கியது. கேள்வி புரியாமல் மிஸ் ஹோலன்பெக் விழித்தாள். ஷெரீஃப் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். "சூறாவளி?"

"வரல டுவேன். கடிகாரம் ஏன் நின்னுச்சுன்னு தேட வந்தவங்க கேட்டாங்க. சூறாவளின்னு கொள்ளுத்தாத்தா வாயில வந்துடுச்சு. அதுக்கு அப்புறம் ஊரே சேந்து ரெண்டு கொட்டகையை அவசர அவசரமா இடிச்சுது. சர்ச்சுக் கக்கூஸையும் கவுத்துப் போட்டாங்க. துரதிர்ஷ்டம், பாதிரியார் உள்ள இருந்தார்."

"என் கல்யாணம் நாலு நாற்பத்திரண்டுக்கு நடந்துச்சு" என்றார் ஷெரீஃப், யாரிடமும் இல்லாமல். "அந்த நிமிஷம் வரட்டும்னு அரை மணி நேரம் முட்டி போட்டே இருந்தோம்."

மிஸ் ஹோலன்பெக் அழுதாள். சத்தம் வராத அழுகை. "கொள்ளுத்தாத்தாவோட டைரில படிச்சப்ப எனக்கு முப்பது வயசு. நாப்பத்து நாலு வருஷமா வாயைத் திறக்கல. பள்ளிக்கூடத்துப் பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சூறாவளி கதை சொல்லுவேன். காத்து எப்படி ஊளையிட்டுச்சுன்னு ஊதிக் காட்டுவேன். போன வாரம் அந்த அதிகாரி, கூண்டைத் திறந்து காத்து என்ன சேதம் பண்ணுச்சுன்னு பாக்கப் போறேன்னு எழுதியிருந்தாங்க. எனக்கு வேற வழி தெரியல. கால் தடம் தெரியக் கூடாதுன்னு தரையைக்கூடப் பெருக்கினேன்."

அவள் கைக்குட்டை நனைந்து போயிருந்தது. லெஸ்டர் தன் பஞ்சை அவளிடம் நீட்டினார்.

மர்லீன் போனை எடுத்தாள். "கில்பிக்காரங்க பொருள் கில்பிக்குப் போகணும். அதிகாரி வர்றதுக்கு முன்னாடி."

கில்பி ஒன்பது மைல். ஜனத்தொகை பதினொன்று. மேயர் லோவெல் ஸ்வொபோடா, ஊரின் தீயணைப்புப் படையும் அவரே, இருபது நிமிஷத்தில் டிரக்கில் வந்து இறங்கினார். விதை கம்பெனித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முத்திரையை வெகு நேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஓர் உர ரசீதை எடுத்துப் பொறியில் வைத்து அழுத்தினார். எழுத்து பளிச்சென்று விழுந்தது.

"எங்க தாத்தா சாகும்போது, முத்திரை டாப்சன்லதான் இருக்குன்னு சொன்னார்" என்றார். "நாங்க அவருக்கு ஜுரம்னு நெனச்சோம்."

மிஸ் ஹோலன்பெக் எழுந்து நின்றாள். "சட்டப்படி பாத்தா இனிமே கில்பிதான் தலைநகர், மிஸ்டர் ஸ்வொபோடா."

"அப்படியா? அப்ப என்னென்ன வரும்?"

"இந்தக் கட்டடம்."

"கூரை ஒழுகுதுன்னாங்களே?"

"ஆமா. அப்புறம் ஜெயில். உள்ள ஒருத்தர் இருக்கார், ராத்திரியெல்லாம் பாடுவார். நானூறு மைல் மண் ரோடு. அதைப் பத்தின புகார் எல்லாம். செவ்வாய்க்கிழமை தோறும் நிர்வாகக் கூட்டம், நாலு மணி நேரம்."

லோவெல் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். பதினொரு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"வேணாம்மா" என்றார். "நீங்களே வெச்சுக்குங்க. நாலு மணி நேரம் உக்கார எங்க ஊர்ல யாருக்கும் முதுகு சரியில்ல. முத்திரை மட்டும் எங்களுக்குப் போதும். ஆனா ஒண்ணு. திருடினோம்னு நீங்க வாயால சொல்லணும். வெளில, படியில நின்னு, எல்லார் முன்னாடியும். அவங்க திருப்பிக் கேக்கறதும் உங்க காதுல விழணும்."

மிஸ் ஹோலன்பெக் கைப்பையைத் திறந்தாள். அடியில் ஒரு சின்னப் பெட்டி. காது மெஷின் இரண்டு, விலைச் சீட்டுகூடப் பிரிக்காமல். நாற்பது வருஷமாகக் கலையாத சுருள்களைக் கையாலேயே பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் மாட்டிக்கொண்டாள்.

"ஐயோ, டுவேன்" என்றாள் திடுக்கிட்டு. "நீ மூச்சு விடறது இப்படியா இருக்கும்?"

பன்னிரண்டு மணிக்குப் படிக்கட்டுக்குக் கீழே இருநூறு பேர். முன்வரிசையில் மாநில அதிகாரி மிஸ் ஜாய்னர், கையில் ஒரு கோப்பு. மிஸ் ஹோலன்பெக் படியில் நின்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வண்டிகள், முத்திரை, கொள்ளுத்தாத்தா, கொட்டகைகள், பாதிரியார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

"அப்ப காத்தே அடிக்கலையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அடிக்கல."

"எங்க கொள்ளுத்தாத்தா கொட்டகையை யாரு இடிச்சது?"

"உங்க கொள்ளுத்தாத்தாதான். பெருமையா இடிச்சார்னு டைரில இருக்கு."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அது பக்கத்து ஆளுக்குத் தொற்றியது. சிரிப்பா, கோபமா என்று முடிவு செய்யாமலே கூட்டம் கலகலத்தது. அந்தச் சத்தத்திலேயே மிஸ் ஜாய்னர் படியேறி வந்தார். கூரை போச்சு என்று ராய்ஸ் நினைத்தான்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் மிஸ் ஜாய்னர். "வானிலைப் பதிவேட்டைப் பாத்தேன். அன்னைக்கி இந்த மாவட்டத்துல வானம் பளிச்சுன்னு இருந்திருக்கு. அதை உங்க மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு மூணு மணி நேரம் கார்ல ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். உங்களை நிராகரிக்கத்தான் வந்தேன்." கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "இந்த மாநிலத்துல, சூறாவளி நிறுத்தின கடிகாரம்னு ஏற்கெனவே ஆறு இருக்கு. ஆறும் சந்தேகம்தான். திருட்டுப் பொருள் நிறுத்தின கடிகாரம்னு ஒண்ணுகூடக் கிடையாது. புது விண்ணப்பம் எழுதித் தாங்க. முத்திரை எங்க இருக்கும்?"

"கில்பில" என்றார் லோவெல். "எங்க தீயணைப்புக் கொட்டகையில ஒரு அலமாரி இருக்கு."

"அப்ப ரெண்டு ஊரையும் சேத்துப் பட்டியல்ல போடணும். இங்க கடிகாரம், அங்க முத்திரை."

அதிகாரியை வரவேற்க வந்திருந்த பாண்டு வாத்தியத்தின் பக்கம் கூட்டம் நகர்ந்தது. லோவெல் பொறியை டிரக்கில் ஏற்றி, சீட் பெல்ட்டைக் குழந்தைக்குப் போடுவதுபோல அதற்குப் போட்டார். மிஸ் ஹோலன்பெக் கலைந்த தலையோடு டிரக் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"இதைப் பாக்க ஆளுங்க வருவாங்க மிஸ்டர் ஸ்வொபோடா. வர்றவங்களுக்குக் கதை சொல்ல ஆள் வேணாமா? சனிக்கிழமை எனக்கு ஓய்வுதான்."

லோவெல் இன்ஜினை அணைத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உண்மையை மட்டும் சொல்ற ஆளா?"

மிஸ் ஹோலன்பெக் காது மெஷினைச் சரியாக அழுத்திக்கொண்டாள்.

"பழகிக்கறேன்" என்றாள்.